உர்சுலா, தகப்பன் பெயர் குப்புசாமி

1

என் மகளுக்கு நான் வைத்த பெயருக்கு என்ன அர்த்தம் என்று, வைக்கும்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொண்டிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. "வானத்து நட்சத்திரங்களுக்கெல்லாம் மகாராணி என்று அர்த்தம். லத்தீன் பாஷை" என்றேன். மனைவியிடம் சொன்னேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் சொன்னேன். ஊரில், பூந்தமல்லிப் பக்கத்து நூம்பலில் இருக்கும் மைத்துனருக்குக் கடிதத்தில் எழுதினேன். முடி வெட்ட வருகிறவர் கேட்கவே இல்லை, அவரிடமும் சொன்னேன். லத்தீனில் எனக்குத் தெரிந்ததெல்லாம் டிரஸ்ஸர் மருந்துச் சீட்டில் கிறுக்குகிற நாலு எழுத்துத்தான். அது லத்தீன் என்பதே அவர் சொல்லித்தான் தெரியும்.

பெயர் உர்சுலா.

இதை இப்போது எழுதக் காரணம் இரண்டு. அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு மாதப் பத்திரிகை நடத்தும் என் சிநேகிதர், "மலாயா வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதேன். ரப்பர் மரமும் அட்டைக் கடியும் மட்டும் வேண்டாம், போன தடவை எழுதியவர் இரண்டையும் தீர்த்துவிட்டார்" என்று கேட்டிருந்தார். இரண்டாவது காரணம், போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த படம்.

இந்த ஊர்க் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில், குழந்தைகளை அவரவர் பெயரின் அர்த்தத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்காரும் கமலா தாமரை வரைந்தாளாம். சீனக் கடைக்காரரின் பெண் நிலா வரைந்தாளாம். என் மகள் கரடி வரைந்திருந்தாள். நாலு கால், பல், நகம், நெற்றியில் பொட்டு, இரட்டைப் பின்னல். சிஸ்டர் ரொம்ப மெச்சிக்கொண்டாராம். இந்தச் சேதியைப் பாதி மலாயிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னாள். தமிழ் அவளுக்குப் பசிக்கும்போதும் அடம் பிடிக்கும்போதும்தான் வரும். பிறகு காகிதத்தைத் திருப்பிப் போட்டு, பென்சில் முனையை ஊதிவிட்டுக்கொண்டு, தமிழிலேயே கேட்டாள்:

"அப்பா, உங்க பேருக்கு என்ன வரையறது?"

நான் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

2

என் பெயர் குப்புசாமி. நம் பக்கத்து வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக நான் வந்து கத்தியதும், என்னைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து என்னை விலைக்கு வாங்கி, எங்கள் வீட்டுக்கே வளர்க்கக் கொடுத்தாள். யமன் தேடிக்கொண்டு வந்தால், 'இது குப்பையில் கிடந்தது, யாருடையதோ, நமக்கெதற்கு' என்று திரும்பிவிடுவான் என்பது ஏற்பாடு. யமனைப் பற்றி நம்மவர்கள் வைத்திருக்கும் அபிப்பிராயம் அவ்வளவுதான். காரியத்தில் கெட்டிக்காரன், விசாரணையில் சோம்பேறி.

ஏற்பாடு பலித்தது. தலை நரைத்தும் கல் மாதிரி இருக்கிறேன். ஆனால் குப்பையிலிருந்து வந்த 'குப்பு' பெயரில் ஒட்டிக்கொண்டது. பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் பின்பெஞ்சிலிருந்து யாராவது பெருக்குகிற சத்தம் போடுவார்கள். ஆகவே மலாயாவுக்குக் கப்பல் ஏறியதும் 'கே. சாமி' ஆகிவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இங்கே அப்படிப் பெயர். துரை என்னை மிஸ்டர் சாமி என்றார். அந்த 'கே' எதற்கு என்று கேட்கிறவர்களிடம் 'கிருஷ்ண' என்று சொல்லும் துணிச்சல்கூட நாளடைவில் வந்தது.

எனக்குப் பிறக்கும் குழந்தைகளாவது தலைநிமிர்ந்து பெயர் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். மூத்தவன் நூம்பலில், தாய்வீட்டில் பிறந்தான். புவனேந்திரன் என்று இங்கிருந்து பெயர் எழுதி அனுப்பினேன். உலகத்துக்கே அரசன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. லீவு கிடைப்பதற்குள் தந்தி வந்துவிட்டது. அடுத்தவள் இங்கேயே பிறந்தாள். திரிலோகசுந்தரி. மூன்று உலகத்துக்கும் அழகியானவள் ஒரு மழைக்காலம் மட்டும் எங்களோடு இருந்தாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு கொன்றை மரம் இருக்கிறது. அந்த வழியாக நான் சைக்கிள் ஏறிப் போவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன்.

என் மனைவி கன்னியம்மாள் அந்த இரண்டு பேரைப் பற்றியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துகொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். படித்த மூடன் என்பதற்கு இது ஒன்றே போதும்.

3

மூன்றாவது பிரசவம் சிக்கலாக இருக்கும், டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று டிரஸ்ஸர் கையை விரித்தார். ரப்பர் ஷீட் ஏற்றும் லாரியில், டிரைவருக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, நான் பின்னால் ரப்பரோடு ரப்பராகப் போனேன்.

அந்த ஆஸ்பத்திரியைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். வாசலுக்கு வந்தவர் பெயர் சிஸ்டர் உர்சுலா. பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்துக்காரர். நல்ல உயரம், வெள்ளை அங்கிக்குள் ஒரு வண்டிக்காரருடைய புஜங்கள். அவரிடம் சொல்வதற்கு நான் மனசுக்குள் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். வினைச்சொல் வந்து சேருவதற்குள் அவர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ரொம்ப நோவுதா? பயந்துக்காத. நான் கீறேன்ல?"

என் இங்கிலீஷ் வாக்கியத்தை அங்கேயே கைவிட்டேன். பிறகு விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அவர் தமிழ் கற்றது புத்தகத்தில் இல்லை, பிரசவ வார்டில். அங்கே வருகிற தோட்டத்துப் பெண்களில் முக்கால்வாசி செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள். செம்பரம்பாக்கத்துத் தமிழும் ஆவடித் தமிழும் அப்படியே ஒரு வெள்ளைக்கார அம்மாளின் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தன. வலியில் கத்துகிறவர்கள் மரியாதைப் பன்மையில் கத்துவதில்லை. ஆகையால் அவருடைய தமிழில் 'நீங்கள்' கிடையாது. டாக்டரும் நீதான், நானும் நீதான்.

கன்னியம்மாள் அதுவரை அழவில்லை. லாரி குழியில் இறங்கி ஏறியபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தாள். அந்த 'கீறேன்' காதில் விழுந்ததும் அந்த அம்மாளின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். 'நான் இருக்கேன்' என்று சொல்ல வேண்டியவன் பின்னாலேயே நின்றுகொண்டு இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

காலையில் உள்ளே போனவளைப் பற்றிச் சாயங்காலம்தான் சேதி வந்தது. சிஸ்டர் வெளியே வந்தபோது அங்கியெல்லாம் கறை.

"கிராணி, பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. நீ இன்னாத்துக்கு அழுவுற?"

"சிஸ்டர், குழந்தைக்கு உங்கள் பெயரையே வைக்கிறேன்."

"ஐயே, வேணாம். ஊருக்குப் போனா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சொன்னது சொன்னதுதான்."

ஆயுளில் ஒரு தடவையாவது வீரமாகப் பேச வேண்டும் என்று எல்லா ஆண்பிள்ளைக்கும் ஆசை இருக்கிறது. என்னுடையது அன்றைக்குத் தீர்ந்தது.

4

பிறப்பைப் பதிவு செய்யும் ஆபீசில் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர்.

"பிள்ளையின்ர பேர்?"

"உர்சுலா."

"தகப்பன்ர பேர்?"

"கே. சாமி."

"முழுப்பேர் வேணும். கட்டைப்பேர் எழுத ஏலாது."

பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "குப்புசாமி" என்றேன்.

"சமயம்?"

"இந்து."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கிராணியார், இதில ஏதோ ஒண்டு பிழை. தாய் வேதக்காரியோ?"

"இல்லை."

"நீங்கள் மாறப் போறியளோ?"

"இல்லை."

"துரை கட்டாயப்படுத்தினவரோ?"

"இல்லை. எனக்கே பிடித்து வைத்தது."

இப்படி ஒரு காரணத்தை எழுத அந்தப் பத்திரத்தில் இடம் இல்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுதினார்: உர்சுலா, தகப்பன் பெயர் குப்புசாமி. பட்டுப் புடவைக்குச் சாக்குத் துணியில் முந்தானை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது எனக்கு. மை உலர ஊதிக்கொண்டே, "என்ன கருத்து இந்தப் பேருக்கு?" என்று கேட்டார்.

அங்கேதான் முதல்முதலாகச் சொன்னேன். நட்சத்திரங்களுக்கு மகாராணி என்று. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அதே வரியில் பக்கத்திலேயே அந்தக் குப்புசாமி உட்கார்ந்திருந்ததால் எதையாவது உயரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் "ஓ!" என்றார். அந்த 'ஓ' எனக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அதைக் கேட்பதற்காகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நூம்பலுக்கும் எழுதினேன். கன்னியம்மாளின் அண்ணன் முனுசாமி அங்கே ஏரிப்பாசனத்தில் நெல்லும், கொட்டகை நிறைய எருமையும் வைத்திருக்கிறார். யாரையோ கொண்டு பதில் எழுதியிருந்தார்: 'மகாராணிக்குத் தாய்மாமனாக இருக்க எனக்கு யோக்கியதை உண்டா தெரியவில்லை. எருமைகள் சுகம்.'

5

அர்த்தத்தைச் சொன்னபோது கன்னியம்மாள் மட்டும் 'ஓ' என்று சொல்லவில்லை. குழந்தையின் தலையைப் புடவையால் மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் கவனித்தது ஒன்று: அவள் அந்தப் பெயரைக் கூப்பிடவே இல்லை. 'ஏ பொண்ணே' என்பாள், 'இந்தா' என்பாள். யாராவது வந்து பேர் என்ன என்று கேட்டால், "இன்னாவோ வெச்சிருக்காங்க, எனக்கு வாய்ல வரல" என்பாள். அது பொய். அந்த சிஸ்டரைப் பற்றிப் பேசும்போது அதே பெயர் நன்றாக வரும்.

ஒரு நாள் அவளுடைய அண்ணனுக்குக் கடிதம் எழுதச் சொல்லி எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கைதான் அவளுக்கும் கை.

"பூந்தமல்லி சந்தைக்குக் கரடிய ஓட்டிக்கினு ஒருத்தன் வருவான் இல்ல, அவன்கிட்ட முடி வாங்கி, தாயத்துல அடைச்சு அனுப்பச் சொல்லி எழுதுங்க."

நம் பக்கத்தில் இது தெரியாத வீடு கிடையாது. குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டால், கண் பட்டால், கரடி முடியைச் செப்புக் குழாயில் அடைத்து அரைஞாணில் கட்டுவார்கள். கரடி இருக்கிற இடத்துக்குக் கெட்டது எதுவும் வராதாம். நான் விடுவேனா? படித்தவன் அல்லவா?

"கன்னியம்மா, ஒரு மயிருக்கு அவ்வளவு சக்தி இருந்தால், உடம்பெல்லாம் மயிராக இருக்கிற கரடி ஏன் மூக்கில் கயிறு கட்டிக்கொண்டு சந்தையில் ஆடுகிறது?"

அவள் மைக்கூட்டை என் பக்கமாக நகர்த்தினாள்.

"எழுதறீங்களா? டிரஸ்ஸர் பொஞ்சாதிய எழுதச் சொல்லட்டுமா?"

எழுதினேன். அதற்கடுத்த கப்பலில் மோர்மிளகாய்ப் பொட்டலத்துக்குள் வைத்துத் தாயத்து வந்து சேர்ந்தது. கன்னியம்மாள் அதன் மூடியைத் திருகி, உள்ளே இருந்த கறுப்பு மயிரை மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். முகம் தெளிந்தது. "கரடி வாசனை அடிக்குது" என்று சொல்லி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டினாள். கரடியை இவள் எப்போது முகர்ந்து பார்த்தாள் என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தோல்வி போதும் எனக்கு.

6

குழந்தைக்குப் பல் முளைக்கிற சமயத்தில் காய்ச்சல் கண்டது. முதலில் பல்லுக்காக என்றார்கள். பிறகு குளிர் வந்து உதறியது. மலைக்காய்ச்சல்.

டிரஸ்ஸர் லாரிக்குச் சொல்லப் போயிருந்தார். கன்னியம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"பேர மாத்திடுங்க."

"இப்போது என்ன பேரைப் பற்றி?"

"பெரியவனுக்கு உலகத்துக்கே ராசான்னு வெச்சீங்க. சின்னவளுக்கு மூணு லோகத்துலயும் அழகின்னு வெச்சீங்க. இவளுக்கு வானத்துக்கே ராணின்னு வெச்சிருக்கீங்க. ஒவ்வொரு தபாவும் பெருசா பெருசா வெச்சுக்கினே போறீங்க. யாரு கண்ணுலயும் படாம ஒண்ண வளக்கக் கூடாதா நாம? உங்கள குப்பையில போட்டு எடுத்தாங்க, நீங்க நல்லாத்தான கீறீங்க?"

அத்தனை வருஷம் பேசாததை அந்த ஒரு மூச்சில் பேசிவிட்டாள். எழுந்து வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் பார்த்தாள். "இந்த ஊர்ல குப்பைமேடு எங்க கீது?" என்று கேட்டாள்.

இல்லை. எங்கள் துரைக்குக் கொசு என்றால் உயிர்ப் பயம். தோட்டத்தில் ஒரு தேங்காய் ஓடு கிடந்தால் கங்காணிக்கு அபராதம். பெருக்கியதை அன்றன்றே எரித்து, சாம்பலையும் புதைத்துவிடுவார்கள். கன்னியம்மாள் பெருக்கித் துடைத்த அந்தச் செம்மண் பாதையைப் பார்த்தபடி நின்றாள்.

"குப்பையே இல்லாத தேசத்துல கொயந்தைய எப்படிங்க காப்பாத்தறது?"

சுகாதாரத்தைப் பற்றி நான் எத்தனையோ படித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எதிலும் பதில் இல்லை.

அதே லாரி. அதே ஆஸ்பத்திரி. சிஸ்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கொய்னா மருந்து கொடுத்தார்கள், ஈரத்துணி போட்டார்கள். வராந்தாவில் மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்:

"சிஸ்டர், உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?"

"இப்பத்தான் கேக்கறியா?" என்று சிரித்தார். "கரடி."

"என்னது?"

"லத்தீன்ல உர்சா-ன்னா பொட்டைக் கரடி. உர்சுலான்னா குட்டிக் கரடி. அந்தக் காலத்துல ஒரு பொண்ணு இருந்தா, கூட்டாளிங்கள இட்டுக்கினு கப்பல் ஏறிப் போனவ. அவ பேரு. எங்க அம்மா எனக்கு வெச்ச பேரு வேற, கிராணி. மடத்துல சேந்தப்ப இத குடுத்தாங்க. நான் அப்பவே இந்த ஒடம்பு. பேர படிச்சதும் கூட இருந்த பொண்ணுங்க எல்லாம் வாயப் பொத்திக்கினு சிரிச்சாங்க."

கை துடைத்த துணியை மடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்விட்டார்.

நான் தூணோரமாக நின்று என் நிலைமையை ஆராய்ந்தேன். வெள்ளைக்காரன் நாட்டுப் பழம்பாஷையைத் தேடிப்போய், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு காட்டு மிருகத்தின் பெயரை வைத்திருக்கிறேன். அதற்கு மேல் மகாராணி என்று ஒரு பொய். அந்தப் பொய் ஒரு தாயின் வயிற்றில் ஒரு வருஷமாக நெருப்பாகக் கிடந்திருக்கிறது. சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டாள். சொல்லாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குப்பை தேடிப் போவாள். தாயத்துக்குக் கடிதம் எழுதியவனே நான். அப்படியும் அந்தக் கரடியையும் இந்தக் கரடியையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

உள்ளே போனேன். கன்னியம்மாள் தொட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கன்னியம்மா, அந்தப் பேருக்கு ராணின்னு அர்த்தம் இல்லை. அது நானாகச் சொன்னது."

அவள் திரும்பவில்லை. "பின்ன இன்னா?"

"கரடி."

"இன்னாது?"

"சின்னக் கரடி. பெண் கரடிக்குட்டி."

இப்போது திரும்பினாள். "கரடின்னா, நம்ம சந்தையில ஆடுமே, அந்தக் கரடியா?"

"அதேதான்."

"சாமி சத்தியமா?"

"சத்தியமாக."

என் சத்தியத்தை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு அவளைக் குறைசொல்லவும் முடியாது. வார்டு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்: "சிஸ்டரு! ஒன் பேரு கரடியா?"

அந்தக் கோடியில் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிர்ந்தார். "ஆமாம்மா, கரடிதான். பாத்தா தெரியலியா?"

வார்டே சிரித்தது. கன்னியம்மாளும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள். பிறகு தொட்டிலில் குனிந்து, முதல்தடவையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "உர்சுலா. ஏ உர்சுலா." குழந்தையின் இடுப்பில் இருந்த தாயத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இடுப்புல ஒரு கரடி, பேர்ல ஒரு கரடி. ரெண்டு கரடி காவல் கீதுடி ஒனக்கு. எவன் வர்றான்னு பாக்கறேன்."

என்னைப் பார்த்து, "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா வந்தது? ராணியாம் ராணி!" என்றாள்.

காய்ச்சல் இறங்கியது. கொய்னாதான் என்கிறார் டிரஸ்ஸர். கன்னியம்மாள் அவருக்குப் பதில் சொல்வதில்லை, இரக்கத்தோடு பார்க்கிறாள்.

7

இதற்குமேல் வருவதை யாரும் என் மனைவிக்குப் படித்துக்காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முக்கியமாக டிரஸ்ஸர் பொஞ்சாதி.

போன வருஷம் நீண்ட லீவில் ஊருக்குப் போனோம், காது குத்துவதற்காக. சென்னைத் துறைமுகத்தில் காகிதங்களைப் பரிசோதித்த அதிகாரி, "உர்சுலா, தகப்பன் பெயர் குப்புசாமி" என்று உரக்கப் படித்துவிட்டு, என்னையும் குழந்தையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். 'ஆமாம் ஐயா, பெண் கரடி. தகப்பன் குப்பை' என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. மகள் அதைப் படமாக வரையக் கேட்டால் தவிர, இப்போதெல்லாம் எனக்கு அதில் வெட்கம் இல்லை. 'கே. சாமி'யையும் விட்டுவிட்டேன். அந்த முழுப்பெயர் ஒரு காலத்தில் பெற்றவர்கள் எனக்காகப் பட்ட பயத்தில் பிறந்தது என்று, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது லாரியில் தோன்றியது. அதற்குப் பிறகு சுருக்கி எழுத மனசு வரவில்லை.

நூம்பலில் முனுசாமி மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். குழந்தை, "சாக்கிட்! சாக்கிட்!" என்று அலறினாள். மலாயில் 'வலிக்கிறது' என்று அர்த்தம். என் பெண் வலிக்கும்போதும் இனித் தமிழில் அழ மாட்டாளோ என்று எனக்குச் சுருக்கென்றது. முனுசாமிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "ஆமாண்டி கரடிக்குட்டி, சாக்கிட்டுதான், சாக்கிட்டுதான், ஆயிப்போச்சு" என்று அதே சொல்லால் அவளைத் தேற்றிவிட்டார்.

அன்று சாயங்காலம் எருமைகளை ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுவதில்லை. கரையில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன். லத்தீன் என்ற பாஷை, அதில் கரடிக்குள்ள சொல், குட்டியென்று காட்ட அதன் வாலில் சேர்க்கிற எழுத்து. நாம் சப்தரிஷி மண்டலம் என்கிற ஏழு நட்சத்திரத்தை வெள்ளைக்காரர்கள் பெரிய கரடி என்கிறார்கள், ஆகையால் நான் சொன்ன பொய்யில்கூடக் கொஞ்சம் நட்சத்திரம் இருக்கத்தான் செய்தது என்பதையும் விடவில்லை. கடைசியில், இரண்டு கரடிக் காவல் என்று கன்னியம்மாள் சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக்காட்டினேன்.

முனுசாமி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்றேன். தங்கச்சிகிட்ட சொல்லிடக் கூடாது."

"சொல்லுங்கள் மச்சான்."

"நீ தாயத்துக்கு எழுதுன வருசம் கரடிக்காரன் சந்தைக்கு வரவே இல்ல. திருநின்றவூர் வரிக்கும் நடந்து தேடிப் பாத்தேன். அங்கயும் இல்ல. தங்கச்சி அங்க பயந்துகினு கெடக்குமேன்னு எனக்கு மனசு கேக்கல." அவர் பக்கத்தில் நின்ற எருமையின் வாலைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காட்டினார். "தாயத்துல அடைச்சது இவளுதுதான்."

எருமை என்னை நிதானமாகப் பார்த்தது.

"கொயந்தை நல்லாத்தான கீது?" என்றார் முனுசாமி.

தலையாட்டினேன்.

அவர் எருமையின் முதுகில் இரண்டு கை தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டுக் கேட்டார்:

"அது சரி, எருமைக்கு லத்தீன்ல இன்னா மாப்ளே? அடுத்த கொயந்தைக்கு ஆவும்."